திகிற்படத் தொடக்கம்: மாணவர் பயிற்சி ஒன்றின் திறனாய்வு

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது நம் இலக்கண ஆசிரியர் கொள்கை. பாயிரம் மட்டும் இருக்க நூல் இல்லாத நிலையை அவர்கள் எண்ணிப் பார்த்திலர். அத்தகைய நிலையை வேண்டுமென்றே அமைத்துக்கொண்ட பயிற்சி ஒன்று இங்கிலாந்து நாட்டு மேனிலை வகுப்புகளில் நடைபெற்றது. இரண்டு நிமிடத்திற்கு மேற்படாத திரைப்படத் தொடக்கம் ஒன்றை மாணவர் தாமே திட்டமிட்டு, படம்பிடித்து, தொகுத்து அளித்தல் வேண்டும். அத்தொடக்கத்திற்குப் பின் படம் என ஒன்று இல்லை, எடுக்கப்போவதும் இல்லை. மாணவர் குழுக்கள் பல இதற்கெனத் தேர்ந்துகொண்ட வகை திகிற்படமே.

இப்பயிற்சியை இலக்கியத் திறனாய்வு நோக்கில் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் முடிவினை முன்னரே கூறிவிடுதல் நலம். திகிற்படத் தொடக்கம் அச்சத்தைத் தோற்றுவிப்பது செய்தியை மறைத்தலால் அன்று. காண்போனுக்குச் செய்தியை உரிய இடத்தில் அளித்தலாலேயாம். இவ்வுண்மையைக் கற்பிக்கும் ஆற்றல், பெரிதும் மதிக்கப்பெற்ற அத்தொடக்கப் படத்தைக் காட்டிலும், அதற்குமுன் செய்யுமாறு பணிக்கப்பெற்ற மிக எளிய முன்பயிற்சிக்கே உண்டு.

1. பயிற்சியின் அமைப்பு

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், ஆர்.எஸ்.ஏ. தேர்வு வாரியம் 2008-இல் நடைமுறைப்படுத்திய ஊடகவியல் பாடத்திட்டத்தில் இப்பணி இடம்பெற்றது. 2017-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டம் வரும்வரை ஆண்டுதோறும் மாணவர் இதனைச் செய்துவந்தனர். ஒரு குழுவில் நால்வருக்கு மேல் இருத்தல் கூடாது. ஒளிப்பதிவு முழுவதும் அவர்தம் சொந்தப் படைப்பாதல் வேண்டும். இசைக்கும் ஒலிக்கும் மட்டும் பதிப்புரிமைத் தடையற்றவற்றைப் பயன்படுத்தலாம். மதிப்பெண் நூற்றுள் ஆய்வுக்கும் திட்டத்திற்கும் 20, படைப்பிற்கு 60, மாணவர் தம் படைப்பைத் தாமே மதிப்பிடும் பகுதிக்கு 20 என வகுக்கப்பெற்றது. அம்மதிப்பீட்டிற்கு ஏழு வினாக்கள் அமைந்தன.

இதற்குமுன் ஒரு முன்பயிற்சி உண்டு. ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, மற்றொருவர்க்கு எதிரே நாற்காலியில் அமர்ந்து, இரண்டொரு சொற்கள் பேசுதல் வேண்டும். இவ்வளவே. இதன்கண் மூன்று நெறிகள் புலப்படுதல் வேண்டும் என்பர். ஒரு செயல் இரு காட்சிகளில் முறிவின்றித் தொடர்தல் ஒன்று. பேசுவோர் இருவரையும் மாறிமாறிக் காட்டுதல் மற்றொன்று. அவ்விருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரு பக்கத்திலேயே படப்பெட்டி நிற்றல் மூன்றாவது. இம்மூன்றாம் நெறியை நூற்றெண்பது பாகை விதி என வழங்குவர். கோட்டைத் தாண்டின் இடப்புறம் நோக்கியிருந்தவர் வலப்புறம் நோக்குவார். எவர் எவரைப் பார்க்கின்றார் என்னும் தெளிவு கெடும்.

மாணவர் இம்முன்பயிற்சியைச் சடங்கு போலச் செய்து முடித்து, ‘உண்மையான’ பணிக்கு விரைவது இயல்பு. அவ்விரைவே பின்னர் நேரும் குறைகளுக்கு வித்தாயிற்று என்பது நம் கருத்து.

2. குறிகளின் குவியல்

இவ்வகைப் படங்களைத் தொடர்ந்து காண்போர்க்குச் சில காட்சிகள் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். தலைமூடி அணிந்த உருவம் ஒன்று நடந்து செல்லும், முகம் தோன்றாது. தனியே வரும் பெண் திரும்பிப் பார்ப்பாள். மரங்களிடையே ஓட்டம் நிகழும். சுவரில் நிழற்படங்கள் ஒட்டப்பெற்றிருக்கும். அவற்றுள் ஒன்றன்மீது சிவப்புக் கோடு விழும். பின்னர்த் திரை இருளும். படத்தின் பெயர் தோன்றும்.

இவை தீயன அல்ல. இவற்றால் நாம் அறிந்துகொள்வது யாது என வினவினால்தான் குறை புலனாகும். அவ்வுருவம் யார், அப்பெண் யார், அவளுக்கு நேரவிருப்பது யாது என்பவற்றுள் ஒன்றையும் அறியோம். இது திகிற்படம் என்பது ஒன்றே தெரிகின்றது. அதுவோ படம் தொடங்குமுன்னரே தெரிந்தது.

அச்சம் தோன்றுதற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். மேலைநாட்டுக் கலைக்கு இந்நான்கனையும் வலிந்து பொருத்துதல் வேண்டா. ஆயினும் அவ்வரையறையின் உட்கருத்து ஈண்டுப் பயன்படும். அச்சம் ஒரு பொருளைப் பற்றியே பிறக்கும். அப்பொருள் இன்னதெனக் கூறாக்கால் எஞ்சுவது அச்சத்தின் மெய்க்குறியே. மாணவர் பலர் நடுக்கத்தையும் ஓட்டத்தையும் பெருமூச்சையும் படம்பிடித்தனர்; நடுங்குதற்குரிய பொருளைப் படம்பிடித்திலர்.

டேவிட் பிஞ்சர் இயக்கிய ‘செவன்’ (1995) படத்திற்குக் கைல் கூப்பர் அமைத்த பெயர்ப்பட்டியல் காட்சியை மாணவர் பெரிதும் பின்பற்றினர். அதில் கைகளையே காண்கின்றோம். அவை தாளை வெட்டுகின்றன, ஏட்டில் எழுதுகின்றன, சவரத் தகட்டால் விரல்நுனித் தோலைச் சீவுகின்றன. அச்செயல் வெறும் அருவருப்புக்காக அமைந்ததன்று. கொலைஞன் விரல்ரேகை பதியாதிருத்தற்பொருட்டுத் தன் விரல்நுனித் தோலை நீக்கிவந்தான் என்பது கதையில் பின்னர்ப் புலனாகும். மேலும் இக்காட்சி படத்தின் முதற்காட்சியும் அன்று. முதிய துப்பறிவாளர் காலையில் உடையணிந்து புறப்படுவதும், கொலை நிகழ்ந்த இடத்திற்குச் செல்வதும் இதற்குமுன் வந்துவிடுகின்றன. ஒழுங்குடைய ஒருவரை முதலில் கண்ட பின்னரே ஒழுங்கு திரிந்த கைகளைக் காண்கின்றோம். மாணவர் எடுத்துக்கொண்டவை ஏடும் கத்தரிகையும் நிழற்படமுமே. அவற்றின் காரணமும் வரிசையும் விடுபட்டன.

3. நிலமும் பொழுதும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொள்வது நம் மரபு. ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) இவ்விரண்டனையும் எழுத்திலேயே அறிவித்துத் தொடங்குகின்றது. சால் பாஸ் அமைத்த கோடுகள் பிளந்து நகர, பெர்னார்டு ஹெர்மனின் நரம்பிசை விரைந்தொலிக்கப் பெயர்ப்பட்டியல் முடிகின்றது. உடனே பீனிக்ஸ் நகர். வெள்ளிக்கிழமை, டிசம்பர் 11. பிற்பகல் மணி 2.43. படப்பெட்டி நகரை வலம்வந்து ஒரு சாளரத்தை அடைகின்றது; பாதி இறங்கிய திரையின் கீழே நுழைகின்றது. உள்ளே நண்பகல் இடைவேளையில் களவாகச் சந்தித்த இருவர் உளர்.

இங்கே கத்தியில்லை, ஓட்டமில்லை, இருளும் இல்லை. பட்டப்பகல். ஆயினும் மணித்துளி வரை குறித்த நேரம் காண்போனை நிமிரச் செய்கின்றது. பின்னர்க் குற்றமாக ஆராயப்படும் நிகழ்ச்சிக்கே இத்துணை நுட்பமான காலக்குறிப்பு வேண்டப்படும். திரையின் கீழே நுழைந்த நாமோ அழையாமல் உட்புகுந்தவராகின்றோம். அச்சுறுத்தும் பொருள் எதனையும் காட்டாமலே அச்சத்திற்கு ஏற்ற உறவு காண்போனுக்கும் காட்சிக்கும் இடையே அமைந்துவிட்டது. இடமும் காலமும் தெளிவாகக் கூறப்பெற்றமையே இதன் வலிமை. மாணவர் படங்களின் காடும் சுரங்கநடைபாதையும் எவ்வூரினவும் ஆகலாம், எந்நாளினவும் ஆகலாம்.

4. அறிவும் அச்சமும்

ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) தொடக்கம் நம் கருத்திற்கு நேரான சான்று. முதலில் இரு கைகள் வெடிகுண்டின் காலக்கருவியைத் திருகுகின்றன. குண்டு ஒரு காரின் பின்பெட்டியில் வைக்கப்படுகின்றது. ஏதுமறியாத ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அக்காரில் ஏறிச் செல்கின்றனர். எல்லைப்புற ஊரின் தெருக்களில் கார் ஊர்கின்றது, புதுமணத் தம்பதியர் அதன் அருகே நடக்கின்றனர், மக்கள் குறுக்கிடுகின்றனர், எல்லைக் காவலர் நிறுத்தி வினவுகின்றனர். ஏறத்தாழ மூன்றரை நிமிடம் வெட்டின்றி ஓடும் ஒரே காட்சி இது. கார் எல்லையைத் தாண்டியபின் வெடிக்கின்றது.

கார் அருகில் வருந்தோறும் நம் நெஞ்சு துணுக்குறுவது ஏன்? குண்டு உண்டென்பதை நாம் அறிவோம், அவர் அறியார். கைகளைக் காட்டும் அத்தொடக்கத்தை நீக்கிவிடின் எஞ்சுவது மாலைநேரத் தெருவுலா ஒன்றே. படம் முதலில் வெளிவந்தபோது நிறுவனத்தார் இக்காட்சியின்மேல் பெயர்ப்பட்டியலையும் ஹென்றி மான்சினியின் இசையையும் ஏற்றினர். வெல்ஸ் தம் கருத்துகளை 58 பக்கக் குறிப்பாக எழுதினார். அதன் அடிப்படையில் வால்டர் மர்ச் 1998-இல் மறுதொகுப்புச் செய்தபோது எழுத்துகள் நீங்கின; இசைக்கு ஈடாகத் தெருவின் ஒலிகளும் கார் வானொலியின் ஒலியும் வந்தன. கண் எழுத்தைத் தொடராது காரையே தொடர்ந்தது. ‘பெயர்ப்பட்டியலும் தொடக்கமும்’ என இரண்டனையும் ஒருங்கே வேண்டிய பயிற்சிக்கு இவ்வரலாறு மிக ஏற்ற பாடமாகும்.

மேசைக்கு அடியில் குண்டிருப்பதைக் காண்போன் அறியாதவழி விளைவது நொடிப்பொழுது வியப்பு. முன்னரே அறிந்தவழி விளைவது நெடும்பொழுது பதற்றம் என்னும் வேறுபாட்டை ஹிட்ச்காக்கும் பிரெஞ்சு இயக்குநர் திரூஃபோவுடன் உரையாடியபோது விளக்கினார்.

5. கதவு, அறை, நாற்காலி

இனி முன்பயிற்சிக்கு மீள்வோம். ஒருவர் கதவைத் திறக்கின்றார், அறையைக் கடக்கின்றார், எதிரே அமர்கின்றார், பேசுகின்றார். இதனோடு ஒரே ஒரு காட்சியைச் சேர்ப்போம். எதிரே இருப்பவர் மேசை இழுப்பறையில் ஒரு கத்தியை வைத்து மூடுகின்றார். இக்காட்சி ஈற்றில் வருமாயின் வியப்பு ஒன்றே தோன்றும். முதலில் வருமாயின் கதவு திறக்கும் ஒலியே அச்சம் தரும். அறையைக் கடக்கும் ஒவ்வோர் அடியும் இழுப்பறையை நோக்கிய அடியாகும். ‘உட்காருங்கள்’ என்னும் இயல்பான சொல்லும் இருபொருள் பெறும். வேறொன்றும் மாறவில்லை.

திட்டமிடுதலின் பயன் இங்கேதான் விளங்குகின்றது. ஸ்டோரிபோர்டு எனப்பெறும் காட்சி வரைவை மாணவர் தனித்தனி அட்டைகளில் வரைந்துகொள்வாராயின், ஓர் அட்டையை இடம் மாற்றுவதாலேயே இவ்வேறுபாட்டைக் கண்டறியலாம். படம்பிடித்தபின் அறிவதைவிடப் பதின்மடங்கு எளிது இது. நூற்றெண்பது பாகை விதியும் அப்போது வெறும் விதியாகாது. இழுப்பறை எப்பக்கம் உள்ளது என்பதைக் காண்போன் மறவாதிருத்தல் வேண்டும்; கோடு குழம்பின் பதற்றமும் குழம்பும்.

படப்பிடிப்பின் தடைகளும் துணையாகலாம். தக்க காரணமின்றிப் போலித் துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துதல் இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குற்றமாயிற்று. கருவி கிட்டாதபோது கதவு, தேநீர்க் கோப்பை, தொலைபேசி முதலிய எளிய பொருள்களில் அச்சத்தை ஏற்றும் கட்டாயம் உண்டாகின்றது. அக்கட்டாயம் நன்று.

6. யாரை அஞ்சுவது?

ஏழு வினாக்களுள் இரண்டாவது, படைப்பு சமுதாயக் குழுக்களை எவ்வாறு காட்டுகின்றது என்பது. 2005-இல் கெண்ட் பகுதியிலுள்ள புளூவாட்டர் வணிகமையம் தலைமூடி ஆடைக்குத் தடை விதித்தது. அவ்வாடை இளைஞரை அஞ்சுதற்குரிய அடையாளமாகப் பொதுப்பேச்சில் நிலைபெற்றது. பதினாறு, பதினேழு அகவை மாணவர் தம் படங்களில் அதே ஆடையைத் தீயோனுக்கு அணிவித்தனர். தம்மைப் பற்றிப் பிறர் கொண்ட அச்சத்தைத் தாமே நடித்துக் காட்டினர் என்றே கொள்ளல் வேண்டும். மறைத்தலை நம்பும் கலை, ஊரார் கையிலுள்ள குறியையே எடுத்தாள நேர்கின்றது. முகத்தைக் காட்டாதவன் தனிமனிதன் ஆகான், இனம் ஆவான். எனவே செய்தியளித்தல் என்பது உத்தியளவில் நில்லாது அறத்தையும் தொடுகின்றது.

முடிவுரை

பின்னே படம் இல்லாத தொடக்கம் பயனற்றது என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஈற்றை எழுதவேண்டா என்னும் உரிமையே இங்கு இடர். பொருளற்ற குறிகளுக்கு அது புகலிடம் தருகின்றது. பின்னே எழுதத்தக்க ஈறு ஒன்றை உள்ளத்தில் கொண்டு தொடங்கிய படம் இரண்டு நிமிடத்திலேயே தன் நேர்மையைக் காட்டிவிடும். ஏழாம் வினா, முன்பயிற்சியிலிருந்து முழுப்பணி வரை கற்றது யாது என மாணவரைத் திரும்பிப் பார்க்கச் செய்கின்றது. அவ்வினாவிற்குப் பலர் கருவிப் பயிற்சியையே விடையாகக் கூறுவர். கதவைத் திறந்து நாற்காலியில் அமர்வதையே அஞ்சத்தக்கதாக ஆக்கக் கற்றோம் என ஒரு குழு விடை எழுதுமாயின், அக்குழு திகிற்படத்தின் இலக்கணத்தை உணர்ந்தது எனத் துணியலாம்.