தொட்டிக்குள் மின்னல் எஃப்எம்
குனோங் ராபாட் வீட்டு முன்வாசலில் துளசிக்குப் பக்கத்தில் கவிழ்த்த பூந்தொட்டி. உள்ளிருந்து மின்னல் எஃப்எம். கனத்த மண்சுவர் பலகைப்பெட்டிபோல் அதிராது. வாயை ஸ்பீக்கர் இறுக அடைத்துக்கொண்டால், பின்பக்க அலை வெளியேறி முன்பக்க அலையைத் தின்னாது; தவிலின் தொப்பி முழுதாகக் கேட்கும். அடித்துளை ஒயருக்கு, மிச்ச இடைவெளி சிலிகோனுக்கு. ஈப்போ மழைக்குக் காகிதக் கூம்பு தாங்காது, பாலிபுரொப்பிலீன் வேண்டும்.

அலங்காரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மினுங்கும் பெயிண்ட் எதற்கு? கோலா கங்சாரின் லாபு சாயோங் மண்குடுவையைப் பாருங்கள்: சூட்டோடு உமியில் புதைத்தெடுத்த கறுப்பு. (அந்தக் குடுவையையே ஸ்பீக்கராக்க ஆசைப்படாதீர்கள், கழுத்து குறுகல்.)

சுவர் மூலையில் வைத்தால் அடித்தொனி இன்னும் கூடும். அது அண்டைவீட்டுச் சுவரென்றால், தீபாவளிக்கு மட்டும்.