கூண்டுத் தட்டில் மரத்தூள் பெல்லட்

கூண்டுப் பறவைகளுக்கும் முயல், வெள்ளெலி போன்ற சிற்றுயிர்களுக்கும் அடித்தட்டில் மரத்தூள் பெல்லட் பரப்புவதே சிறந்த முறை என்னும் கருத்து செல்லப்பிராணி வளர்ப்போரிடையே வலுப்பெற்று வருகிறது. மரத்தூளை மிகுந்த அழுத்தத்தில் சிறு துளைகளின் வழியே செலுத்தும்போது எழும் வெப்பத்தில், மரத்திலேயே உள்ள லிக்னின் என்னும் பிணைப்புப் பொருள் இளகித் துகள்களை இறுக்குவதால் உருவாகும் இவ்வுருளைகள், ஈரத்தை நன்கு உறிஞ்சும் என்பதிலும் நாற்றத்தை அடக்கும் என்பதிலும் ஐயமில்லை. பைன், செடார் மரச்சீவல்கள் எலிகளின் கல்லீரல் நொதிகளைத் தூண்டுவதாக 1967இல் வெளியான ஆய்வு காட்டியிருப்பினும், உயர்வெப்பத்தில் உலர்த்திய தூளில் அத்தூண்டலுக்குக் காரணமான ஆவிப் பொருள்கள் குறைகின்றன என்ற விளக்கமும் ஏற்கத்தக்கதே. முயல் சிறுநீர் கழிக்கும் மூலையில், மேலே வைக்கோலிட்டு இதைப் பயன்படுத்துவதில் பெருங்குறை இல்லை.

பறவைக் கூண்டிலோ, பெல்லட்டின் சிறப்பாகச் சொல்லப்படுவதே அதன் குற்றமாகிறது. பறவை தன் நோயை வெளிக்காட்டாத உயிர். இறகு சிலிர்த்து ஒடுங்கி உட்காரும் வேளையில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். அதற்கு முன்பே செய்தி தருவது எச்சம். பச்சையாகவோ பழுப்பாகவோ உள்ள மலம், சிறுநீரகம் வெளியேற்றும் யூரேட் என்னும் வெண்கழிவு, இவற்றைச் சூழ்ந்த நீர் ஆகிய மூன்றும் தாளின்மேல் தனித்தனியே தெரியும். வெண்கழிவு மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலையும், மலம் கருத்தால் குடலில் குருதிக் கசிவையும், தினை செரிக்காமல் வெளிவந்தால் செரிமான உறுப்புகளையும் ஐயுற வேண்டும். பெல்லட்டோ நீரை முதலில் உறிஞ்சிவிடுகிறது. எஞ்சியது உருளைகளின் இடுக்கில் விழுந்து, பழுப்போடு பழுப்பாய் மறைகிறது. நாற்றமும் எழாததால் வளர்ப்பவர் தட்டை வெளியே இழுப்பதையே நாள்கணக்கில் ஒத்திப்போடுகிறார்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் அரிசி ஆலை உமியைக் கோழிக்கொட்டகையில் பரப்பும் ஆழ்கூள முறையிலும், அதாவது தரையில் தடிப்பாகக் கூளமிட்டு அவ்வப்போது கிளறிவிடும் முறையிலும், எச்சம் மறையத்தான் செய்கிறது என்று பெல்லட்டை ஆதரிப்போர் வாதிடலாம். ஆனால் அங்கே நூற்றுக்கணக்கான கோழிகளின் நலம் தீவனமும் தண்ணீரும் செலவாகும் அளவைக் கொண்டும் இறப்பைக் கொண்டும் கணிக்கப்படுகிறது. இரண்டே பறவைகள் உள்ள கூண்டில் ஓர் இறப்பு என்பது பாதி இழப்பு. பண்ணையின் நியாயத்தை அங்கே கொண்டுவருவது பெரும் பிழை.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலை இன்னும் மோசமாகும். நனைந்த உருளை உப்பித் தூளாக உதிர, மேலே உலர்ந்தும் அடியில் கூழாகவும் கிடக்கும் அப்படுகையில், பறவையின் காற்றறைகளைத் தாக்கும் ஆஸ்பர்ஜிலஸ் பூஞ்சை வளர இடமுண்டு. அடிக்கடி மாற்றினால் போதும் என்பது விடையாகாது; அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்பதற்காகவே அது வாங்கப்படுகிறது.

கம்பித் தட்டின்கீழ் பழைய செய்தித்தாளை விரித்தால் அன்று மாலையே ஈரமும் வாடையும் தெரியும் என்பது குறையாகச் சொல்லப்படுகிறது. அதனாலேயே அது நாள்தோறும் மாற்றப்படுகிறது, மாற்றும் கை எச்சத்தையும் பார்க்கிறது. இராமையன்பட்டியில் 2012இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி திருநெல்வேலி வளர்ப்போருக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளது. ஆயினும் நோயுற்ற பறவையுடன் அங்கே செல்பவர், எச்சம் எந்நாளில் எந்நிறத்துக்கு மாறியது என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், அவருடைய கூண்டில் தாள்தான் விரித்திருக்க வேண்டும்.