கண்ணீர் வரும் முன் காதைத் தீட்டுங்கள்

‘மின்மினிகளின் கல்லறை’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்த்த யாரிடமாவது படம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். “அழுதுட்டேன். இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது” என்பார்கள். அழாதவர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தப் பையனுக்கு என்ன அப்படி ஒரு வீம்பு? அத்தைக்காரி நாலு வார்த்தை சொன்னால் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கலாமே? வங்கியில் பணம் இருந்ததே, தங்கையைப் பட்டினி போட்டது யார் குற்றம்?

இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். முதல் தடவை, நண்பன் கொடுத்த டிவிடியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தனியாகப் பார்த்து அழுதேன். இரண்டாம் தடவை ஒரு மாடிக் கூடத்தில் திரையிட்டார்கள். படம் முடிந்ததும் பையனைத் திட்டும் கட்சியில் சேர்ந்து நானும் வாதாடிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும். கடைசியில கிராமபோன்ல ஒரு பாட்டு வருதே, அது யார் வீட்டுப் பாட்டு?” என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை. பாட்டு வந்ததே பாதிப் பேருக்கு நினைவில்லை.

அன்றிலிருந்துதான் போர்ப் படங்களைக் காதால் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. பழகுவது கடினமில்லை. ஆனால் இந்தப் படத்திலிருந்து தொடங்காதீர்கள்.

அதே இயக்குநர், இஸாவோ தகஹாதா, 1982இல் ‘செல்லோ கலைஞன் கோஷ்’ என்று ஒரு படம் எடுத்தார். கெஞ்சி மியாசவாவின் கதை. ஓடும் நேரம் ஒரு மணியும் சில நிமிடங்களும்தான். சிற்றூர் இசைக்குழு ஒன்றில் சரியாக வாசிக்கத் தெரியாத செல்லோக்காரன். நடத்துநரிடம் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்குகிறான். இரவில் குடிசையில் உட்கார்ந்து சாதகம் செய்யும்போது பூனை வருகிறது, குயில் வருகிறது, குட்டியோடு எலி வருகிறது. ஒவ்வொன்றும் அவனுக்கே தெரியாமல் ஒரு பாடம் நடத்திவிட்டுப் போகிறது. பூனையை விரட்ட அவன் வெறியோடு வாசிக்கும் உருப்படியின் பெயர் ‘இந்தியப் புலி வேட்டை’. அதில் இந்தியாவும் இல்லை, புலியும் இல்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் படத்தில் கோஷின் விரல்களை மட்டும் பாருங்கள். காதில் விழும் ஸ்வரம் எதுவோ, அதற்கான இடத்தில்தான் விரல் அழுந்தும். வில் மேலே போகும் இடத்தில் மேலே போகும். இதை வரைந்த தோஷித்சுகு சாய்தா, வரைவதற்காகவே செல்லோ கற்றுக்கொண்டவர். நம் சினிமாவில் வீணையை மடியில் வைத்துக்கொண்டு நாயகி எங்கோ பார்த்தபடி விரலை அலைய விடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும்.

கேமரா வைத்துப் படம் எடுக்கும் இடத்தில் ஒரு காக்கை தானாகவே வந்து கத்திவிட்டுப் போகலாம்; பிடித்திருந்தால் இயக்குநர் வைத்துக்கொள்வார். அனிமேஷனில் காக்கையை ஒருவர் வரைய வேண்டும், அதன் குரலை இன்னொருவர் சேர்க்க வேண்டும். தற்செயலாக எதுவும் உள்ளே நுழைய முடியாது. நிசப்தம்கூட யாரோ யோசித்து வைத்ததுதான். ஆகவே ஒரு பாட்டு வந்தால், ஏன் இங்கே, ஏன் இந்தப் பாட்டு என்று தயங்காமல் கேட்கலாம். கேள்விக்குப் பதில் எங்காவது இருக்கும்.

இனி ‘மின்மினிகளின் கல்லறை’க்கு வரலாம். 1988இல் வெளியான ஜிப்லி ஸ்டுடியோ படம். ஹயாவோ மியாசாகியின் ‘டோட்டோரோ’வையும் இதையும் ஒரே டிக்கெட்டில் இரட்டைப் படமாகக் காட்டினார்கள். பூதத்தோடு விளையாடும் குழந்தைகளையும் பசியில் சாகும் குழந்தையையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாக இருக்கும். மூலக்கதை எழுதிய அகியுகி நோஸாகா, போர்க்காலத்தில் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர். தகஹாதாவும் ஒன்பது வயதில், 1945 ஜூனில், ஒகயாமா நகரின் மீது நடந்த குண்டுவீச்சில் உயிர் தப்பி ஓடியவர். அப்படிப்பட்டவர், இது போர் எதிர்ப்புப் படம் அல்ல என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை. படத்தை வேறு இடத்தில் தேடச் சொல்கிறார்.

கதை சின்னது. 1945இல் கோபே நகரத்தில் தீக்குண்டுகள் விழுகின்றன. தாய் இறந்துபோகிறாள், தந்தை கடற்படையில், செய்தி இல்லை. 14 வயது செய்தாவும் 4 வயது செத்சுகோவும் தூரத்து அத்தை வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஒத்துவராமல் ஏரிக்கரைப் பதுங்குகுழிக்குக் குடிபெயர்கிறார்கள். முடிவை மறைக்கவே இல்லை. தான் இறந்த தேதியைச் செய்தாவின் குரல் சொல்வதோடுதான் படம் தொடங்குகிறது.

முதலில் குழந்தையின் குரலைக் கவனியுங்கள். ஜப்பானிய அனிமேஷனில் பொதுவாகப் படத்தை வரைந்து முடித்துவிட்டுத்தான் குரல் கொடுப்பார்கள். செத்சுகோவுக்கு மட்டும் ஒரு சிறுமியைப் பேசவைத்து முதலில் பதிவுசெய்தார்கள். பிறகு அந்தக் குரலுக்கேற்ப வரைந்தார்கள். அவள் மூச்சு வாங்குவதும், சொல்லைத் தேடி நிற்பதும், சிணுங்கல் பாதியில் சிரிப்பாவதும் அதனால்தான் அவ்வளவு உண்மையாக இருக்கின்றன. ஆங்கிலக் குரல்மாற்றில் பார்த்தால் இது போய்விடும். ஜப்பானிய மொழியிலேயே, துணைத்தலைப்போடு பாருங்கள்.

அடுத்து, குண்டு விழும் காட்சி. போர்ப் படம் என்றால் தாளவாத்தியங்கள் முழங்க வேண்டும் என்று பழகியிருக்கிறோம். இங்கே தீக்குண்டுகள் விறகுக்கட்டை விழுவதுபோல் கூரையிலும் தெருவிலும் சாக்கடை ஓரத்திலும் கலகலவென்று விழுகின்றன. ஒரு கணம் ஒன்றும் நடப்பதில்லை. பிறகுதான் தீ. அந்த ஒரு கணத்தை எந்த இசையும் நிரப்புவதில்லை.

பாட்டு என்று வருவது எங்கெங்கே? மூன்று இடங்களைச் சொல்கிறேன். அத்தை வீட்டில் ஒருநாள் செய்தா ஆர்கன் வாசிக்க, குழந்தை கூடவே பாடுகிறது. அத்தை வந்து, போர் நடக்கும்போது என்ன பாட்டு என்று அதட்டி நிறுத்துகிறாள். பிறகு பதுங்குகுழியில் கொசுவலைக்குள் மின்மினிகளைப் பறக்கவிட்ட இரவு. அந்த வெளிச்சத்தில், தந்தை கப்பலில் நின்ற கடற்படை அணிவகுப்பைச் செய்தா நினைத்துக்கொள்கிறான். அவன் வாயில் கடற்படை அணிவகுப்புப் பாட்டு தானாக வருகிறது. விடிந்தால் செத்துப்போன மின்மினிகளுக்குக் குழந்தை குழி தோண்டிக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது, பாட்டு டீச்சர் கேட்ட கிராமபோன்.

அந்தப் பாட்டு ‘ஹோம், ஸ்வீட் ஹோம்’. 1823இல் லண்டனில் அரங்கேறிய ஓர் இசைநாடகத்துக்காக ஹென்றி பிஷப் மெட்டமைத்தது. பாடலை எழுதியவர் ஜான் ஹோவர்ட் பேன் என்ற அமெரிக்கர். எத்தனை எளிமையானாலும் நம் வீட்டுக்கு ஈடில்லை என்பதுதான் மொத்தக் கருத்தும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 டிசம்பர் 30 இரவு, டென்னசியில் மர்ஃப்ரீஸ்பரோ அருகே எதிரெதிரே முகாமிட்டிருந்த இரு படைகளின் பேண்டு வாத்தியங்களும் இந்த மெட்டை வாசிக்க, இருபக்கத்து வீரர்களும் சேர்ந்து பாடினார்கள். விடிந்ததும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள்.

ஜப்பானுக்கு இந்த மெட்டு 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ‘ஹன்யூ நோ யாடோ’, மண்குடிசை என்று சொல்லலாம், என்ற பெயரில் பள்ளிக்கூடப் பாட்டாகிவிட்டது. எதிரி நாட்டு இசை கூடாது என்று தடைபோட்ட போர்க்காலத்திலும் இது தப்பித்தது. யார் ஊர்ப் பாட்டு என்பதே மறந்துபோகும் அளவுக்கு அவர்களுடையதாகியிருந்தது. (அதேபோல் தப்பித்த இன்னொன்று ‘ஆல்ட் லாங் சைன்’. அதற்கு ஜப்பானில் பெயர் ‘மின்மினி வெளிச்சம்’. கடைகளை மூடும் நேரத்தில் இன்றும் அந்த மெட்டை ஒலிக்கவிடுகிறார்கள்.)

இதே பாட்டு உயிர்நாடியாக இருக்கும் இன்னொரு படம் உண்டு. கோன் இச்சிகாவா 1956இல் எடுத்த ‘பர்மிய யாழ்’. 1945 ஜூலை, பர்மா. தோற்றுப் பின்வாங்கும் ஜப்பானியப் படைப்பிரிவு ஒன்று. அதன் கேப்டன் இசை படித்தவர், வீரர்களைப் பாடகர் குழுவாகப் பழக்கிவைத்திருக்கிறார். மிசுஷிமா என்ற வீரன் பர்மிய யாழ் மீட்டுகிறான். ஒரு கிராமத்தில் ஆங்கிலப் படை சூழ்ந்துகொள்கிறது. வெடிமருந்து வண்டி வெட்டவெளியில் நிற்கிறது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் ஆடிப் பாடியபடியே வண்டியை உள்ளே இழுத்துவருகிறார்கள். இனிப் பாய வேண்டியதுதான் என்னும்போது இருட்டுக்குள்ளிருந்து அதே மெட்டு, ஆங்கிலத்தில். மிசுஷிமாவின் யாழ் அதோடு சேர்ந்துகொள்கிறது. போர் மூன்று நாள் முன்பே முடிந்துவிட்டது என்பது அப்புறம்தான் தெரிகிறது.

நாவலை எழுதிய மிச்சியோ தாகெயாமா பர்மாவைப் பார்த்ததே இல்லை. சீனாவைத்தான் முதலில் களமாக நினைத்திருந்தார். ஜப்பானியரும் சீனரும் சேர்ந்து பாட ஒரு பொதுப்பாட்டு கிடைக்கவில்லை. எதிரி ஆங்கிலேயன் என்றால் கிடைக்கும். கதை பர்மாவுக்கு நகர்ந்தது. போர்க்களத்தையே ஒரு மெட்டு தேர்ந்தெடுத்திருக்கிறது!

மிசுஷிமாவின் கையில் இருக்கும் அந்த வாத்தியம் நமக்கு அந்நியமில்லை. படகு போன்ற உடல், வளைந்த கழுத்து, நரம்புகள். வில்யாழைச் சிற்பத்திலும் புத்தகத்திலும் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். இந்த வகை வாத்தியம் இந்தியாவிலிருந்து அங்கே போயிருக்க வேண்டும் என்பது இசை வரலாற்றாளர்கள் பலரின் கருத்து. இங்கே அது இலக்கியத்திலும் கல்லிலும் தங்கிவிட்டது. அங்கே இன்னும் ஒலிக்கிறது.

ஆனால் தமிழ்ப் பார்வையாளர்களிடமிருந்து இந்தப் படத்துக்கு எதிராக ஒரு குரலும் வரும், வரவும் வேண்டும். ஜப்பானிய ராணுவம் 1942–43இல் சயாம்–பர்மா ரயில்பாதை போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஓட்டிச்சென்ற தமிழர்கள் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே மடிந்தார்கள். அப்படி ஒரு தாத்தாவை இழந்த குடும்பத்துக்காரர் என்னோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தார். பாட்டுக் காட்சியில் எனக்குக் கண் கலங்கியது; அவர் அசையவில்லை. “நல்லாத்தான் பாடுறாங்க” என்றார், அவ்வளவுதான். படத்தில் பர்மியர்கள் ஓரமாக நிற்கிறார்கள். ரயில்பாதை இல்லவே இல்லை. பிற்பகுதியில் மிசுஷிமா போரில் இறந்தவர்களைப் புதைக்கிறான்; அவையும் பெரும்பாலும் தன் நாட்டுப் பிணங்கள்தான். இச்சிகாவாவின் படம் மகத்தானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்ததும் அந்தப் படத்தைப் பற்றிய சரியான விமர்சனம்தான்.

இதையெல்லாம் காதில் வைத்துக்கொண்டு கிராமபோனுக்கு வாருங்கள். குழந்தை இறந்துவிட்டாள். போர் முடிந்துவிட்டது. ஏரிக்கு எதிர்க்கரையில் ஒரு பெரிய வீடு. குண்டுக்குப் பயந்து வெளியூர் போயிருந்த அந்த வீட்டுப் பெண்கள் திரும்பி வந்து, எதுவும் மாறவில்லை என்று குதூகலித்து, இசைத்தட்டைச் சுழலவிடுகிறார்கள். அதில் பாடும் அமெலிட்டா கலி-குர்ச்சியின் குரல் தண்ணீரைத் தாண்டி இந்தக் கரைக்கு வருகிறது. ‘பர்மிய யாழ்’ பார்த்து வளர்ந்த ஜப்பானியப் பார்வையாளருக்கு இந்த மெட்டு எதிரிகளையே சேர்த்து வைத்த மெட்டு. இங்கே ஒரே நாட்டு, ஒரே ஏரியின் இரண்டு கரைகளைக்கூட அதனால் சேர்க்க முடியவில்லை. வீட்டின் பெருமை பேசும் பாட்டு, வீடு இருப்பவர்களின் ஜன்னலிலிருந்து வந்து, ஆள் இல்லாத பதுங்குகுழி வாசலில் விழுகிறது. அந்தக் குரல் ஒலிக்க ஒலிக்க, செத்சுகோ அங்கே தனியாக விளையாடிய பொழுதுகள் வந்து வந்து மறைகின்றன. தண்ணீரில் தெரியும் தன் உருவத்தோடு அவள் விளையாடுகிறாள்.

பாட்டு டீச்சரின் கேள்விக்கு இதுதான் விடை. ஆர்கன் வாசித்த குழந்தைகளைப் போரைக் காட்டி அடக்கினார்கள். அரசாங்கத்தின் அணிவகுப்புப் பாட்டை மட்டும் யாரும் அடக்கவில்லை; இருட்டில் பாடினாலும் அது பையனுக்குள்ளேயே இருந்தது. போர் முடிந்ததும் முதலில் பாட்டு வைக்கும் உரிமை, போரில் எதையும் இழக்காதவர்களுக்குத்தான் வந்தது. செய்தாவின் வீம்பு சரியா தவறா என்ற வழக்கை இன்றும் நான் நடத்துவதுண்டு, அவன் மீது எனக்குக் கோபமும் உண்டு. 14 வயதில் அவனுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்த ஒரே வீரம் அந்தக் கடற்படைப் பாட்டில் இருந்ததுதான் என்று தெரிந்த பிறகு, பழைய சத்தத்தோடு வாதாட முடியவில்லை.

சில நடைமுறை விஷயங்கள். டிவியின் ஒலிப்பெருக்கியை நம்பாதீர்கள், ஹெட்போன் நல்லது. மழைச்சத்தம், பூச்சிகளின் சத்தம், டின் குலுங்குவது எல்லாம் அதில்தான் கேட்கும். கோஷ், யாழ், மின்மினி என்ற வரிசையில், இடையில் சில நாள் விட்டுப் பாருங்கள். ஒரே இரவில் மூன்றும் வேண்டாம். கார்ட்டூன்தானே என்று சின்னப் பிள்ளைகளை உட்காரவைக்க வேண்டாம்.

இரண்டாம் தடவை முழுப் படத்தையும் பார்க்கத் தெம்பில்லை என்றால் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். ரயில் நிலையத்தில் இறந்துகிடக்கும் பையனிடமிருந்து துப்புரவுக்காரர் ஒரு மிட்டாய் டின்னை எடுத்துக் குலுக்குவார். உள்ளே ஏதோ கடகடக்கும். முதல் தடவை பார்த்தபோது மிட்டாய் என்றுதான் நினைத்திருப்பீர்கள்.