இரண்டாவது ரேம் செய்த கூத்து

கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணமில்லையே என்று ஏங்குகிறவர்களே, முதலில் உங்கள் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒற்றை ரேம் தனியாக உட்கார்ந்திருக்கிறதா? அதே அளவில், அதே வேகத்தில் இன்னொன்று வாங்கிச் செருகுங்கள். அப்புறம் பாருங்கள் கூத்தை!

என்னுடையது ஏஎம்டி ரைசன் 5 5600ஜி, 2021-இல் வந்த பிராசஸர். தனி கார்டு கிடையாது; வேகா கிராபிக்ஸ் அந்தச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒரு 8 ஜிபி ரேமோடு ஜிடிஏ 5 ஆடினால், ஊருக்குள் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் படம் திக்கித் திணறும். இன்னொரு 8 ஜிபி போட்டேன். அடேயப்பா! அதே தெரு, அதே திருப்பம், வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. சும்மா சுற்றுவதற்காகவே இரவெல்லாம் விழித்திருந்தேன்.

இடம் கூடியது மட்டும் காரணமில்லை. ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டுக்குச் சொந்தமாக 8 ஜிபி நினைவகம் உண்டு. அதிலிருந்து நொடிக்கு 224 ஜிபி வரை அள்ளும். வேகாவுக்குச் சொந்தச் சொத்து ஏது? பிராசஸரோடு சேர்ந்து ரேமைத்தான் பங்குபோட வேண்டும். டிடிஆர்4 3200 ரேம் ஒரு சேனலில் தருவது நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி, கூட்டுக்குடும்பம் முழுவதற்கும் ஒரே தண்ணீர்க் குழாய். இரண்டாவது ரேம் வந்ததும் இரண்டு சேனலும் திறந்து 51.2 ஆகிவிடுகிறது. அதனால்தான் ஒரே 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி மேல் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

தனி கார்டு வைத்திருப்பவர்கள் இளக்காரமாகச் சிரிக்க வேண்டாம். கார்டின் நினைவகம் நிரம்பினால், மிச்சம் ரேமுக்குத்தான் வரும். அங்கே போய்வர பிசிஐஇ பாதைகள்தான் வழி; 6600-க்கு அவை எட்டே எட்டு. நான்காம் தலைமுறை போர்டிலேயே ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 16 ஜிபி. என் பழைய ஒற்றைச் சேனலைவிடக் குறைவு!

ஒன்று சொல்ல மறந்தேன்: நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4-இல் செருக வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 3200 ரேமும் பல போர்டுகளில் 2400, 2666 என்றே ஊரும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் தெரியும். அங்கே 3200 என்று பார்த்தபோது எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது, அடித்தும்விட்டேன்.