தயவில் கிடைத்த விடுதலை

வெற்றிமாறனின் 'விசாரணை' என்றாலே எல்லோரும் லாக்கப் அடியைத்தான் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது அதில் வரும் கோர்ட் காட்சி. குண்டூர் நீதிபதி முன்னால் தெலுங்கு தெரியாத பாண்டியும் நண்பர்களும் நிற்கிறார்கள். வாதாட வக்கீல் இல்லை. வேறு வேலையாக வந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் அவர்கள் சொல்வதைத் தெலுங்கில் எடுத்துச் சொல்ல, விடுதலை கிடைக்கிறது. 'அப்பாடா' என்று நாமும் மூச்சுவிடுகிறோம்.

அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு என்ன சொல்கிறது? கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள விட வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். உரிமையாக வரவேண்டியது இங்கே ஒரு போலீஸ்காரரின் தயவாக வருகிறது. தயவு என்றால் கடன்தானே? சரணடைய வந்த ஆடிட்டரைத் தூக்க ஆள் வேண்டும் என்று முத்துவேல் அதைக் கையோடு வசூலிக்கிறார். அந்த வழியில் சென்னை வரை போன பாண்டி உயிரோடு திரும்பவில்லை.

மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலில் இந்தச் சென்னைப் பகுதி கிடையாது. இரண்டாம் பாதி ஒட்டவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் பாதியில் வாங்கிய விடுதலைக்கு வந்த பில் அது. அந்தக் கோர்ட்டில் ஒரு வக்கீல் இருந்திருந்தால் இரண்டாம் பாதியே இருந்திருக்காது.