நீலக்குறியும் முல்லையின் இருத்தலும்: உடனடிச் செய்திப் பரிமாற்றமும் காத்திருப்பின் மாற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகளைத் தூது இலக்கியத்தின் இன்றைய வடிவமாகக் காண்பது கல்விப்புலத்தில் எளிதாகச் சொல்லப்படும் ஓர் ஒப்புமை. இவ்வொப்புமை தூதையும் செயலியையும் ஒருங்கே பிழைபடப் புரிந்துகொள்வதால் எழுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். செய்தி 'படிக்கப்பட்டது' என்று அறிவிக்கும் நீலக்குறி, காத்திருத்தலை ஒழிக்கவில்லை. அதன் பொருளை மாற்றியுள்ளது. முல்லைக்குரிய இருத்தல் மருதத்திற்குரிய ஊடலாகத் திரிவதைக் குறுந்தொகை, முல்லைப்பாட்டு, திருக்குறள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நீலக்குறி, முல்லை, இருத்தல், ஊடல், தூது, வாயில்கள்

முன்னுரை

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் வாட்ஸ்அப் நீலக்குறியை அறிமுகப்படுத்தியது. ஒரு குறி செய்தி அனுப்பப்பட்டதையும், இரு குறிகள் அது சென்று சேர்ந்ததையும், அவை நீலமாதல் அது படிக்கப்பட்டதையும் உணர்த்தும். தொழில்நுட்ப நோக்கில் இது சிறு மாற்றமே. ஆயினும், பிரிந்திருப்போர் ஒருவரையொருவர் எண்ணும் முறையில் இது ஏற்படுத்திய மாற்றம் பெரிது. அம்மாற்றத்தை அளந்தறியத் தமிழ் அகமரபு தகுந்த அளவுகோலாக அமைகிறது. பிரிவையும் காத்திருத்தலையும் நிலம், பொழுது, உரிப்பொருள் என வகைப்படுத்திச் சிந்தித்த மரபு அது.

1. தூது – செயலி ஒப்புமையின் எல்லை

அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனத் தூதுக்குரியன பத்து என்பது இரத்தினச் சுருக்கம் தரும் இலக்கணம். இவை செய்தியைக் கடத்தும் வெறுங் கருவிகள் அல்ல. தூது நூல்களில் தூதுப்பொருளைப் புகழும் பகுதியே பெரிது. சொல்லவேண்டிய செய்தி சிறிது. தமிழ்விடு தூதில் தமிழின் பெருமை பேசப்படும் அளவோடு தலைவியின் காதல் பேசப்படும் அளவை ஒப்பிட்டால் இது விளங்கும். தூது செல்வதற்குத் தலைவியின் துன்பம் தெரியும். எப்பொழுது பேசலாம், எப்பொழுது பேசலாகாது என்பதும் அதற்கு அறிவுறுத்தப்படும். தலைவனிடம் மாலை வாங்கி வருமாறும் அது வேண்டப்படும். ஆகவே தூது என்பது துன்பத்திற்குச் சான்றாக நிற்கும் மூன்றாமவர்.

செயலியில் இம்மூன்றாமவர் இல்லை. பெறுபவரின் நிலையை அனுப்பியவருக்கு அறிவிப்பது கருவியே. அது சமயம் பார்ப்பதில்லை, ஆற்றுவிப்பதும் இல்லை. பெறுபவர் விரும்பி அளிக்கும் மாலையின் இடத்தில், அவர் கேளாமலே வெளிப்படும் நீலக்குறி நிற்கிறது. எனவே விரைவு ஒன்றைக் கொண்டு இரண்டையும் ஒரே மரபாக இணைப்பது பொருந்தாது.

2. சான்றும் நம்பிக்கையும்

முல்லையின் பெரும்பொழுது கார். கார் தொடங்குமுன் மீள்வதாகச் சொல்லிப் பிரிந்த தலைவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. ஓதலாந்தையாரின் பாடலில் (குறுந்தொகை 21) தலைவி இக்காட்சியைக் கண்டும், இது கார் என்று ஏற்க மறுக்கிறாள். அவர் பொய் சொல்லாதவர் என்பதே அவள் காட்டும் காரணம். கோவர்த்தனார் பாடலில் (குறுந்தொகை 66) தோழி, பருவமல்லாத மழையைக் கார் என மயங்கிப் பூத்த கொன்றையை அறிவற்றது என்கிறாள். இரு பாடல்களிலும் கண்முன் உள்ள சான்று தலைவனுக்கு எதிரானது. அச்சான்று பிழை எனக் கொள்ளப்படுகிறதே அன்றித் தலைவன் பிழைத்தான் எனக் கொள்ளப்படவில்லை.

நீலக்குறியின் முன் இந்நிலை தலைகீழாகிறது. செய்தி படிக்கப்பட்டது, மறுமொழி வரவில்லை. குறியை ஐயுற இடமில்லை. ஐயம் முழுவதும் மனிதர்மேல் விழுகிறது. படித்தவர் பயணத்தில் இருக்கலாம், பணியில் இருக்கலாம், சொல் கிடைக்காமல் தயங்கலாம். குறி இவற்றுள் எதையும் சொல்வதில்லை. கொன்றையை 'மடமையுடையது' என்று சொல்லலாம். கருவியை அவ்வாறு சொல்ல நமக்குத் துணிவில்லை. அறிந்துகொள்ளும் வாய்ப்பு பெருகியபோது நம்பிக்கைக்குரிய இடம் குறுகியது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

3. முல்லையிலிருந்து மருதத்திற்கு

முல்லையில் காலத்தாழ்வுக்குக் காரணம் பெரும்பாலும் தலைவனுக்குப் புறத்தே உள்ளது: வேந்தன் ஏவிய வினை, வழி, மழை. நீலக்குறி காட்டும் தாழ்வுக்கோ காரணம் பெறுபவரின் விருப்பத்திலேயே தேடப்படுகிறது. 'வர இயலவில்லை' என்பது 'பேச விரும்பவில்லை' என்றாகிறது. இருத்தல் இவ்விடத்தில் ஊடலாகத் திரிகிறது. உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்பது தொல்காப்பியர் கொள்கை; நீலக்குறி உரிப்பொருளையே மயக்குகிறது.

சிறு குறிப்பிலிருந்து பெரும்பொருள் காணும் ஊடலை வள்ளுவர் 'புலவி நுணுக்கம்' என்னும் 132ஆம் அதிகாரத்தில் காட்டுகிறார். தலைவன் தும்மினாலும், தும்மலை அடக்கினாலும் தலைவி ஐயுறுகிறாள். 'கடைசியாகப் பார்த்த நேரம்' என்னும் குறிப்பைக் கொண்டு எழும் இன்றைய பிணக்குகளுக்கு இது நெருங்கிய இணை போலத் தோன்றும். ஆனால் வேறுபாடு அடிப்படையானது. தும்மியவன் எதிரில் இருக்கிறான். அவ்வூடல் 133ஆம் அதிகாரமாகிய ஊடலுவகைக்கு இட்டுச் செல்கிறது. செயலி எழுப்பும் ஊடலில் தலைவன் எதிரில் இல்லை. ஊடல் தணிக்கத் தொல்காப்பியம் கூறும் தோழி, பாணன், விறலி முதலிய பன்னிரு வாயில்களும் இல்லை. கூடலுக்கு வழியின்றி நீளும் ஊடல் இது.

காத்திருத்தலைப் பிறர் பகிர்ந்துகொண்டதற்கு முல்லைப்பாட்டு சான்று. தலைவிக்காகப் பெருமுது பெண்டிர் நெல்லும் முல்லை மலரும் தூவி விரிச்சி கேட்கின்றனர். ஆய்மகள் தன் கன்றுக்குச் சொல்லும் ஆறுதல் மொழி தலைவிக்கும் நற்சொல்லாகிறது. அங்கு ஊரே உடன் காத்திருக்கிறது. திறன்பேசியின் திரையை மீண்டும் மீண்டும் பார்ப்பவரோ தனியே காத்திருக்கிறார்.

4. எதிர்வாதமும் வரம்பும்

இவ்வாய்வு பழமையைப் போற்றும் நோக்குடையதன்று. முல்லையின் காத்திருத்தல் பெண்மீது சுமத்தப்பட்டது. அதுவே அவள் கற்பாகவும் போற்றப்பட்டது. வளைகுடா நாட்டில் பணிபுரியும் கணவனின் முகத்தை நாள்தோறும் காணவும் தன் குறையை உடனே சொல்லவும் இயலும் பெண்ணுக்குச் செயலி அளித்திருப்பது சிறிய விடுதலை அன்று. எனினும் அதே செயலி, அவள் எந்நேரம் இணையத்தில் இருந்தாள் எனக் கணக்குக் கேட்கும் கருவியாகவும் ஆகிறது. நீலக்குறியை அணைத்துவைக்க வழியுண்டு. ஆயின் அணைத்தவர் பிறருடைய குறியைக் காண இயலாது. குழு உரையாடல்களில் அணைக்கவும் முடியாது. மேலும், நெருங்கியவர்களிடையே அணைத்தலே ஓர் ஐயக்குறியாகிவிடுகிறது.

முடிவுரை

காத்திருத்தல் மறைந்துவிட்டது என்னும் கூற்று பிழையானது. அதன் கால அளவு மாதங்களிலிருந்து நிமிடங்களுக்குச் சுருங்கியுள்ளது. அதன் உரிப்பொருள் மாறியுள்ளது. அதில் பங்குகொண்ட மூன்றாமவர் நீங்கியுள்ளார். இம்மாற்றம் வகுப்பறையையும் தொடுகிறது. படித்தும் மறுமொழி தராமையைப் புறக்கணிப்பு எனவே கொள்ளப் பழகிய மாணவருக்குக் குறுந்தொகைத் தலைவி ஏமாளியாகத் தோன்றலாம். சான்றைக் கண்டபின்னும் ஒருவரை நம்புவது அறியாமை அன்று, அது தேர்ந்து மேற்கொண்ட நிலைப்பாடு என்பதை அம்மாணவருக்கு உணர்த்துவதே இன்று முல்லைப் பாடல்களைக் கற்பிப்போரின் முதற்கடமை. தூது–செயலி ஒப்புமை அப்பணியை எளிதாக்குவது போலத் தோன்றினும், கற்பிக்கவேண்டிய அவ்வேறுபாட்டையே மறைத்துவிடுகிறது.