ஜமாஅத் என்னும் சொல்

‘அல்ஜமாஅத்’ என்னும் அரபுச் சொல்லின் பொருளென்ன என்பதற்கு ஐந்து கருத்துகளை இமாம் ஷாத்திபீ தம் ‘அல் இஃதிஸாம்’ நூலில் எடுத்துரைக்கின்றார். ஸஹாபாக்கள், முஜ்தஹிதான உலமாக்கள், பெருந்திரளான முஸ்லிம்கள் என்றெல்லாம் விரியும் அவற்றுள், ஊரறியாமல் பைஅத் வாங்கும் மறைவுக்குழு எதுவுமில்லை. ஆயினும் 1993-இல், இந்தோனேசியாவிலிருந்து தப்பி மலேசியாவில் தங்கியிருந்த அப்துல்லாஹ் சுங்கரும் அபூபக்கர் பஆசிரும் அத்தகைய குழுவொன்றை அமைத்து, ‘அல்ஜமாஅத்துல் இஸ்லாமிய்யா’ எனப் பெயர் சூட்டினர். 1972-இல் சோலோ நகரத்து மத்ரஸாவை நிறுவியோருள் இருவரும் அடங்குவர் என்பது, பாடஞ்சொல்லும் தொழிலினனான எனக்கு நெஞ்சில் தைக்கின்றது.

1996-இல் இயற்றப்பட்ட அவ்வியக்கத்தின் வழிகாட்டி நூலில் ஷூரா, ஃபத்வா, ஹிஸ்பா என நாம் கித்தாபுகளிற் கற்ற சொற்களே மன்றங்களின் பெயர்களாய் நிற்கின்றன. கடைவீதியில் நிறைகோலைச் சரிபார்த்த ஹிஸ்பா, இங்கே உறுப்பினரின் ஒழுங்கைக் காக்கும் மன்றமாய்ச் சுருங்கிற்று. சிங்கப்பூர், மலேசியா ஒன்று. இந்தோனேசியாவின் பெரும்பகுதி மற்றொன்று. மிந்தனாவோ, சபா, சுலாவெசி பிறிதொன்று என நிலப்பரப்பை ‘மன்திகீ’களாகப் பகுத்தனர். வட்டாரம் எனப் பொருள்படும் ‘மின்தகா’வின் திரிபு அது. நம் மத்ரஸாக்களில் மன்திகீ என்றால் தர்க்கம் வல்லவன். அந்தத் தர்க்கம் சிறிதேனும் அங்கு இருந்திருக்கலாகாதா!

2002 அக்டோபர் 12-இல் பாலித் தீவில் 202 பேர் மாண்டனர். அவருள் 38 பேர் இந்தோனேசியரே. அதற்காக மரண தண்டனை பெற்ற இமாம் சமுத்ரா, சிறையிலிருந்து தம் செயலை நியாயப்படுத்தி எழுதிய நூல் 2004-இல் வெளிவந்தது. அதற்கு மறுப்பு உள்ளிருந்தே எழுந்தது. மூன்றாம் மன்திகீயின் தலைவராயிருந்த நாசிர் அப்பாஸ் 2005-இல் எழுதிய நூலில், போரிடாத மக்களைக் கொல்வது ஜிஹாத் ஆகாது என வாதிட்டார். அவர் காவல்துறைக்குத் துணைநின்றவராதலால், பழைய தோழருட் பலர் அவருரையைச் செவிமடுக்கவில்லை. ஆளைப் பார்த்து வாதத்தைத் தள்ளுவது அறிவுடைமையன்று.

2024 ஜூன் 30-இல் போகோர் நகரில் மூத்த தலைவர்கள் கூடி இயக்கத்தைக் கலைத்ததாக அறிவித்தனர். பாடத்திட்டத்திலிருந்து ‘ததர்ருஃப்’ அகற்றப்பட்டு, அஹ்லுஸ் ஸுன்னத் வல் ஜமாஅத் கொள்கை பின்பற்றப்படும் என்பது அதில் ஒரு வாக்குறுதி. ‘தரஃப்’ என்றால் ஓரம். ஓரத்துக்குப் போவதே ததர்ருஃப். 31 ஆண்டுகளுக்குப்பின் ‘ஜமாஅத்’ தன் விரிந்த பொருளோடு அவர்கள் வாயில் வருகின்றது. எனினும் பழைய பாடங்களை ஓதி வளர்ந்த மாணவர் இன்று ஆசிரியராய் அமர்ந்திருப்பர். அவர்தம் கையிலுள்ள ஏடுகளை வரிவரியாகத் திருத்தும் பணி காவலரால் ஆவதன்று, உலமாக்களுடையது.